முன் சீற்றில் ஒரு ஹாண்ட்காட்

என் கணவர் வார இறுதியில் குறிபார்த்துச் சுடும் கிளப்புக்குப் போகிறவர். இன்று மார்க்கம் நகரில் அரிசி வாங்கிக்கொண்டு, அப்படியே அவருடைய கார்பைன் துப்பாக்கிக்கு ஹாண்ட்காட் பார்க்கவும் போனோம். துப்பாக்கிக் குழலைச் சுற்றிப் பூட்டும் உறைதான் அது. இடது கையால் பிடிக்கிற இடம்.

கடையில் ஒன்றை எடுத்தார். தடவினார். கண்ணை மூடிப் பிடித்துப் பார்த்தார்.

"நாலு பக்கமும் றெயில், அதான் பூட்டுற பட்டி, இருந்தா லைற், அது இது எல்லாம் பூட்டலாம். ஆனா பாரம், கையையும் உரஞ்சும். இது மெலிசு. என்ன வடிவாக் கைக்குள்ள நிக்குது பாரும்!"

கல்யாணம் பேசியபோது என்னை வீடியோ கோலில் ஒரே ஒருமுறை பார்த்துவிட்டு "ஓம்" என்றவர் இவர். கூறைச்சேலைக்கு என்ன நிறம் என்று கேட்டதற்கு, "எதெண்டாலும் சரி" என்றவரும் இவரே.

ஓர் அலுமினியத் துண்டைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.

"இஞ்சேருங்கோ, என்னைக் கட்டேக்க இவ்வளவு யோசிச்சனீங்களோ?"

"உம்மில என்ன யோசிக்கக் கிடக்கு?" என்றார், அதிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மெலிந்ததுதான் வென்றது. பெட்டியைக் காரின் முன் சீற்றில் வைத்து, பெல்ற்றும் போட்டுவிட்டார்.

"அப்ப நான்?"

"பின்னுக்கு வச்சா அரிசி மூட்டை மேல விழுந்திடும். நீர் பின்னுக்கு இரும். மூட்டையையும் ஒருக்காப் பிடிச்சுக்கொள்ளும்."

ஒரு கையால் மூட்டையைப் பிடித்தபடி, மற்றக் கையால் இதை எழுதுகிறேன். ஒவ்வொரு சிவப்பு லைற்றிலும் அவர் பக்கத்து சீற்றைப் பார்த்துச் சிரிக்கிறார்.

வாசிக்கிற பெண்களே, நீங்கள் இப்போது எந்த சீற்றில்?