வெண்டைக்காய்ப் பூப் போட்ட புடவை

போன வாரம் எதிர் வீட்டு அம்மா கையில் ஒரு வெள்ளை நூல் புடவையோடு வந்து நின்றார்.

"அண்ணா, என் பொண்ணுக்கு வளைகாப்பு வெச்சிகீறோம். உன் பொண்ணுக்குப் போட்டியே, அந்த மாதிரி எனுக்கும் ஒண்ணு அச்சு போட்டுக் குடு."

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து என் மனைவி வசந்தா குரல் கொடுத்தாள். "போட்டுக் குடுப்பாரு. அப்பறம் ஊரே பதறிக்கினு நிக்கும். பரவால்லயா?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். இப்போது சிரிக்கலாம். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை... நானும்தான்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது தெரிந்திருக்கும். அரிசிக் கடைக்காரனை மூட்டை தூக்காதே என்றால் அவன் வேறு என்னதான் செய்வான்? கடையை மச்சினனிடம் விட்டுவிட்டு, போனைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அதில் ஒரு வீடியோ. யாரோ ஒருத்தர் வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி, சாயத்தில் தொட்டு, துணியில் ஒற்றுகிறார். எடுத்தால் பூ. ஐந்து இதழ், நடுவில் குழி. இத்தனை வருஷமாக இந்தக் காயைச் சாப்பிட்டிருக்கிறேன். அதற்குள் ஒரு பூ இருப்பதைப் பார்த்ததில்லை.

அன்றே ஆரம்பித்துவிட்டேன்.

முதலில் பீட்ரூட் சாறு. பார்க்க அழகு, ஒரு அலசலில் காணாமல் போயிற்று. பிறகு செம்பருத்தி. அது காய்ந்ததும் பழைய தழும்பு மாதிரி ஆனது. கடைசியில் கைகொடுத்தது தேக்குக் கொழுந்து. வரப்போரத் தேக்கில் இளசாகப் பறித்து அரைத்தால், பச்சை இலையிலிருந்து வெற்றிலைச் சாறு மாதிரி சிவப்பு வரும். அதைக் கஞ்சியில் குழைத்து ஒற்றினால் நிற்கிறது. துணியை முதலிலேயே படிகாரத் தண்ணீரில் ஊறவைத்து, மஞ்சளில் முக்கி, நிழலில் காயப்போட்டுவிட வேண்டும்.

வசந்தாவுக்கு இதில் சந்தோஷம் இல்லை. "ஊர்ல ஒடம்பு முடியாத ஆம்பளைங்க படுத்துக்கினு கீறாங்க. இந்தாளு மட்டும் வெண்டக்காய வெச்சிக்கினு வெளையாடிக்கினு கீறாரு. இன்னா பேஜாரு இது... கொழம்புக்கு இன்னாத்தப் போடறது?"

முதலில் தேறிய துணியை எல்லையம்மனுக்குக் கொண்டுபோய்ச் சாத்தினேன். நான் எது செய்தாலும் முதலில் அவளுக்குத்தான். இரண்டாவதை என் மகள் தேவிக்கென்று எடுத்து வைத்தேன்.

தேவியை மாகறலில் கொடுத்திருக்கிறோம். முதல் தடவை தங்கிய கரு மூன்றாம் மாசமே கலைந்துபோனது. ஒரு நாள் விடிகாலையில் புடவையில் சிவப்பைப் பார்த்தாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் வாய்விட்டுப் பேசுவதே குறைந்துவிட்டது. இரண்டாவது தங்கி ஏழாம் மாசம் வந்து, வளைகாப்புக்கு நாள் குறித்தபோது, பட்டோடு கூட என் கையால் ஒரு புடவையும் கொடுக்க ஆசைப்பட்டேன். மஞ்சள் புடவை, முந்தானையிலும் மடியிலும் வெண்டைக்காய்ப் பூ. ஒவ்வொரு பூ ஒற்றும்போதும் 'அம்மா தாயே, பார்த்துக்கோ' என்று சொல்லித்தான் ஒற்றினேன். அர்ச்சனை மாதிரி.

வீடியோவில் ஒன்று சொன்னார்கள் — சோப்பு போடாதீர்கள். ஏன் என்று சொல்லவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. தேவியிடம், "வெறும் தண்ணியில அலசும்மா, சோப்பு வேணாம்" என்றதோடு என் கடமை முடிந்தது.

கலந்த சாத வகைகளோடு மாகறல் போய் இறங்கினோம். என் சம்பந்தியம்மாவுக்கு நல்ல மனசு, ஆனால் நாக்கில் கொஞ்சம் காரம் அதிகம். தேவி பட்டை விட்டுவிட்டு இதைத்தான் கட்டுவேன் என்று கட்டிக்கொண்டு வந்ததும் ஏற இறங்கப் பார்த்தார்.

"இது இன்னா சம்பந்தி, பட்டு நெசவு பண்ற ஜில்லாவுல பொறந்துட்டு காய்கறிப் பொடவ?"

நான் சிரித்து வைத்தேன். பெண்ணைப் பெற்றவன் வேறு என்ன செய்வது?

தேவியை மனையில் உட்காரவைத்துச் சந்தனம் பூசினார்கள். வளையல் அடுக்க ஆரம்பித்தார்கள். ஆண்கள் நாங்கள் வாசல்படிக்கு வெளியே. பெண்கள் கூட்டத்துக்குள் என்ன நடக்கிறது என்று நமக்கு எங்கே தெரியும்? எட்டிப் பார்ப்பதோடு சரி.

"கை ஊதிப்போய்க் கீது, ஏற மாட்டேங்குது," என்று ஒரு குரல். "சோப்ப நொரச்சிக் கொண்டாங்க" என்று இன்னொரு குரல். என் காதில் விழுந்தது. விழுந்து என்ன, மண்டைக்குப் போகவில்லையே.

கொஞ்ச நேரத்தில் உள்ளே வளையல் சத்தம் நின்றது.

"இன்னாடி இது... மடியெல்லாம் செவப்பு."

எட்டிப் பார்த்தேன். தேவியின் மடியில், நான் பூ ஒற்றிய இடத்தில், திட்டுத் திட்டாகச் சிவப்பு. ஈரமாக, பார்க்கப் பார்க்கப் பரவுகிறது. அவள் இரண்டு கையையும் வயிற்றில் வைத்துக்கொண்டு குனிந்து பார்க்கிறாள். அழவில்லை. "அம்மா" என்று மட்டும் சொன்னாள். வசந்தா சுவரைப் பிடித்துக்கொண்டாள். மாப்பிள்ளை செருப்பு கூடப் போடாமல் ஆட்டோவுக்கு ஓடினார். எல்லையம்மன் பெயர்கூட என் வாயில் வரவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

சம்பந்தியம்மாதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஈரத்தைத் தொட்டார். விரலை மூக்கிடம் கொண்டுபோனார்.

"சோப்பு வாசன அடிக்குது."

அவர் பக்கத்தில் தயாராக இருந்த ஆரத்தித் தட்டை இழுத்தார். அதில் விரலைத் தோய்த்து, புடவையில் ஈரம் படாத ஒரு ஓரத்தில் ஒரு சொட்டு வைத்தார். திட்டுக்கும் சொட்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

"மஞ்சத் தண்ணியில சுண்ணாம்பு போட்டா ஆரத்தி. மஞ்சப் பொடவையில சோப்பு பட்டா இது. அவ்ளோதான். ஆட்டோவ வாணான்னு சொல்லுங்க."

ஆனாலும் தேவியை எழுப்பி உள் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். அந்தக் கதவு திறக்கும்வரை மாப்பிள்ளை ஆட்டோவைப் போகவிடாமல் வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தார்.

திறந்தது. "ஒண்ணும் இல்ல. உள்ள புள்ள ஒதைக்குது, வெளிய இது அழுவுது."

அப்போதுதான் வசந்தாவும் அழுதாள். சம்பந்தியம்மா என் பக்கம் திரும்பினார். "இன்னா சம்பந்தி, நாங்க ஆரத்தி சுத்தறதுக்குள்ள உன் பொடவ முந்திக்கிச்சே."

கூட்டம் சிரித்தது. வேறு புடவை மாற்றிக்கொள் என்று எல்லோரும் சொன்னார்கள். தேவி கேட்கவில்லை. "எங்க நைனா போட்ட பொடவ. ஆரத்தியும் எடுத்தாச்சி. இதோட உக்காந்துக்கறேன்."

யோசித்துப் பார்க்கிறேன். கல்யாணம், காதுகுத்து, ஊரிலிருந்து திரும்பி வருவது... எத்தனை ஆரத்தி பார்த்திருப்பேன்? மஞ்சள் சிவப்பாக மாறுவதை என் கண்முன்னாலேயே கலக்கிக் காட்டியிருக்கிறார்கள். தட்டில் தெரிந்தது துணியில் தெரியவில்லை. நாம் கும்பிடுகிற பல விஷயங்களை நாம் கவனித்துப் பார்ப்பதில்லை போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்து ஒரு துண்டுத் துணியில் சோதித்தேன். சோப்புப் பட்டுச் சிவந்த இடத்தில் எலுமிச்சைச் சாறு விட்டால் திரும்பவும் மஞ்சள். வசந்தா, "அது புளிப்போட வேல" என்றாள். இருக்கட்டும். அந்தப் புளிப்பை எலுமிச்சைக்குள் வைத்தவள் ஒருத்தி இருக்கிறாள் இல்லையா?

எதிர் வீட்டு அம்மாவுக்கும் போட்டுத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வளையலை மட்டும் ஒரு சைஸ் பெரிதாக வாங்கச் சொன்னேன்.

தேவிக்குப் பெண் குழந்தை. இரண்டு பேரும் இப்போது எங்கள் வீட்டில்தான். ஏணைத் தூளி கட்டுவதற்குத் தாயின் பழகிய நூல் புடவைதான் நல்லது என்று தேடியபோது, தேவி அந்த மஞ்சள் புடவையை எடுத்துக் கொடுத்தாள். என் மேஜைக்குப் பக்கத்தில்தான் தொங்குகிறது. பேத்தி நனைத்ததைக் கவனிக்காமல் விட்டுவிட்டால், கொஞ்ச நேரத்தில் அந்த இடமும் சிவந்துவிடுகிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது வசந்தா அடுப்படியிலிருந்து கேட்கிறாள்.

"இன்னா, செவந்துடுச்சா?"

"ம்."

"அப்ப எழுதனது போதும். துணிய மாத்து."