தெருவெல்லாம் பீச்சான்

என் அக்கா வீட்டுக்காரர் பிளாஸ்டிக் பட்டறையில் துளை போடுகிறவர். துணி தேய்க்கிறவர்கள் தண்ணீர் தெளிக்கும் பாட்டில் இருக்கிறதே, அதன் மூடியில் ஊசித் துளைகள் போடுவதுதான் வேலை. வாயை அதிகம் திறக்கமாட்டார். மெஷின் சத்தத்தில் காதும் அரைகுறை.

ஒரு நாள் முதலாளி வாசலில் நின்று, "பீச்சக் கூடாது, தூவணும்!" என்று கத்தினார். அத்தான் காதில் விழுந்ததோ, "பீச்சணும், தூவக் கூடாது." இத்தனை வருஷம் தூவிய பாட்டில் திடீரென்று எதற்குப் பீச்ச வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால்தானே! மூடிக்கு ஒரே துளை, அதுவும் பெரிதாகப் போட்டுத் தள்ளிவிட்டார்.

சரக்கு போன வேகத்தில் துணி தேய்க்கிறவர் ஒருவர் வந்து நின்றார். "தண்ணி தெளிக்கச் சொன்னா சட்டையக் குளிப்பாட்டுதுங்க!" பட்டறையே சிரித்தது. அன்றிலிருந்து அத்தானுக்குப் பட்டப்பெயர் பீச்சான். அதைக் கேட்டால் யாருக்கும் முதலில் வயிற்றுப்போக்குதான் ஞாபகம் வரும். மனுஷன் கூனிக் குறுகிப்போனார். பள்ளிக்கூடம் போகிற மகள் காதுக்கு மட்டும் இது போகவே கூடாது என்று அக்காவிடமும் என்னிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

திரும்பி வந்த பாட்டில்களை முதலாளி பின்பக்கம் கொட்டினார். தெருப் பிள்ளைகள் விட்டுவைக்குமா? அள்ளிக்கொண்டு போய் ஒருவரையொருவர் நனைத்துத் தீர்த்தார்கள். பட்டறை ஆட்களிடமிருந்து பெயரையும் பிடித்துக்கொண்டார்கள். கடைக்காரர்கள் "பீச்சான் இருக்கா?" என்று தேடி வர, முதலாளி அதையே பாட்டிலில் பெரிய எழுத்தில் அச்சடித்தார்.

"வேற பேர் வைங்க முதலாளி. பொண்ணுக்குக் கல்யாணம் பேசப்போறோம்" என்று, மகள் படித்து முடித்து வேலைக்கும் போன பிறகு, அத்தான் கெஞ்சினார்.

"அந்தப் பேர்லதான்யா ஓடுது. போய்யா, போய் வேலையப் பாரு."

மகள் விரும்பிய பையனின் பெற்றோர் வீட்டுக்கு வந்தார்கள். பையனின் அப்பா நுழையும்போதே முகமெல்லாம் தண்ணீர். தெருமுனையில் பிள்ளைகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

"எந்தப் படுபாவி இந்தக் கருமத்தக் கண்டுபிடிச்சானோ!"

அத்தான் தரையைப் பார்த்தார். அக்கா துண்டு எடுக்கிற சாக்கில் உள்ளே நழுவிவிட்டாள்.

"எங்கப்பாதான் அங்கிள். பட்டறையில அவரத்தான் பீச்சான்னு கூப்பிடுவாங்க" என்றாள் மகள்.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். வந்தவர் முகத்தை வழித்துக்கொண்டே, "நெசமாவா? எப்படிங்க தோணுச்சு?" என்றார்.

பெருமையடித்துக்கொள்ள நல்ல சந்தர்ப்பம். அத்தானுக்குப் பொய் வரவில்லை. "தோணலைங்க. காது சரியா கேக்கல."

பையனின் அம்மாவுக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது. "இவருக்கும் கேக்காதுங்க. சம்பந்திங்க சண்டை போட வழியே இல்ல!"

எல்லோரும் சிரித்தோம். அத்தான் மட்டும் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்கு யாரும்மா சொன்னா?"

"நல்லா கேட்டீங்க போங்க! ஸ்கூல்ல, ஆபீஸ்ல, எல்லார்கிட்டயும் நான்தானேப்பா சொல்லிட்டிருக்கேன்."