செப்டெம்பரில் உருளாத பெட்டிகள்

பிளேஸ்டோவில் எங்கள் தெருவுக்குச் செப்டெம்பர் வந்தால் எனக்கு அலாரம் தேவையில்லை. நடைபாதையில் பல்கலைக்கழகத்துக்கு வரும் பிள்ளைகளின் சில்லுப் பெட்டிகள் உருளும் சத்தமே எழுப்பிவிடும். இந்த வருடம் நானாகத்தான் எழும்பினேன். வெளியே ஒரு சத்தமும் இல்லை.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனால் பல்கலைக்கழகம் ஒரு நாட்டுக்கு என்ன செய்யும் என்று என்னைக் கேளுங்கள். வெளிநாட்டுப் பிள்ளை ஒன்று வந்திறங்கினால் முதலில் என் கடையில் அரிசியும் சட்டியும் வாங்கும். பிறகு போர்வை வாங்கும், பஸ் ஏறும், முடி வெட்டும், வாடகை கட்டும். அதில் என் கடை வேலையாட்களின் குடும்பங்கள் சாப்பிடுகின்றன. நாங்கள் கட்டும் வரியில் ஆஸ்பத்திரி ஓடுகிறது. பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் அடித்து, கடை போட்டு, மாணவருக்கென்றே ஒரு வீடும் வாங்கினவன் சொல்கிறேன். ஒருவர் கையையும் எதிர்பார்க்கவில்லை.

அந்த வீட்டில் ஒவ்வொரு செப்டெம்பரும் பிள்ளைகள் குடிவரும்போது பால் காய்ச்சுவேன். முதல் வருடம் வந்தவர்கள் பால் பொங்கி வழிவதைப் பார்த்து, அடுப்பை அணைக்க ஓடி வந்தார்கள்.

இப்போது விசாச் சட்டம் இறுகிவிட்டது. பாடங்களையே மூடுகிறார்கள் என்று கடைக்கு வரும் விரிவுரையாளர் ஒருவர் சொன்னார். என் வீட்டுக்கு இன்னும் ஒருவரும் கேட்டு வரவில்லை. கடையை ஈடு வைத்து வாங்கிய வீடு; இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பவை. ஒன்று சரிந்தால் மற்றதும் போகும்.

"ஆளில்லாத வீட்டில ஆருக்கப்பா காய்ச்சப் போறியள்?" என்றாள் மனைவி.

"வருவினம். நான் கை வைச்சது எது பிழைச்சது?"

"அப்ப ஏன் அந்தக் கை காலமையிலயிருந்து போனை விடாமல் பிடிச்சிருக்கு?"

பால் வாங்கிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். பால் பொங்கி அடுப்பில் தீய, புகை அலாரம் அலறியது. பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மா கதவைத் தட்டினார்.

"இப்போதுதான் குடி வருகிறீர்களா?"

"இல்லை, இது என் வீடு. மாணவர்களுக்காகக் காய்ச்சுகிறேன்."

"எங்கே அவர்கள்?"

"இன்னும் வரவில்லை."

சத்தம் இல்லாமல் நிம்மதி என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் வாடியது. "என் மகனுக்குப் பல்கலைக்கழகக் கண்டீனில்தான் வேலை. அவனையும் இன்னும் கூப்பிடவில்லை."

ஒரு கப் பால் கொடுத்தேன். வாசலில் நின்று குடித்துவிட்டுக் கப்புகளைப் படியில் வைத்தோம். அப்போது சில்லுச் சத்தம் கேட்டது. இருவரும் எட்டிப் பார்த்தோம். ஒரு பெண் பெட்டியை இழுத்துக்கொண்டு எங்கள் வாசலைத் தாண்டி ஸ்டேஷன் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தாள்.

நான் இந்த நாட்டுக்கு வந்தபோது என் பையில் சில்லு இல்லை. ஆனாலும் என் வலக்கை, நானும் கிளம்புவதற்கு ஒரு பெட்டியின் பிடியைப் பிடித்ததுபோல் தானாக மூடிக்கொண்டது. இடக்கையில் வீட்டுச் சாவி இருந்தது.