இல்மோவின் மரமும் கரடிநகக் கூட்டமும்

ஹெல்சின்கிக்கு வெகு வடக்கே, எங்கள் ஹாப்பலஹ்தியில் பெட்ரோல் பங்க்கை ஒட்டினாற்போல் ஒரு காபிக் கடை வைத்திருக்கிறேன். கோடை வந்துவிட்டால் கறுப்பு டி-ஷர்ட்டும் இடுப்புவரை தலைமுடியுமாக ஒரு கூட்டம் வந்து இறங்கும். காபியை வாங்கி ஒரு வாய் குடிப்பதற்குள் ஆரம்பித்துவிடுவார்கள், பலி மரம் எங்கே என்று. பலியாம், மரமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மரத்தைக் கேட்டார்களே தவிர, சைமி திர்ரோனன் யார் என்று கேட்ட ஆள் உண்டா? அதனால்தான் நான் சொல்கிறேன்.

சைமி இந்த வட்டாரத்து மாடுகளுக்கெல்லாம் சினை ஊசி போட்டவள். முழங்கை வரை கையுறை, பின்சீட்டில் காளை விந்தை உறையவைத்த நைட்ரஜன் குடுவை, உறைபனியிலும் ஓடுகிற பழைய வேன். "ஊர்ல இருக்கிற கன்னுக்குட்டிக்கெல்லாம் அப்பன் நீதான்டி" என்று நான் கிண்டல் செய்வேன். "அப்பனாயிருந்தா வேலை முடிஞ்சதும் காபி குடிக்காமப் போயிருப்பேன்" என்பாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி யாரும் அவளிடம் பேசியதில்லை, அவளும் பேசமாட்டாள். புருஷன் இல்மோ மரம் வெட்டுகிறவன். நல்ல உழைப்பாளி, வாயைத் திறந்தால் அன்றைக்கு மழை வரும் என்போம். ஒரு மார்ச் மாதம் அவன் வெட்டிய மரமே தப்பான பக்கம் சாய்ந்து அவன்மேல் விழுந்துவிட்டது.

எங்கள் சாவோ சீமையில் ஒரு வழக்கம் உண்டு. செத்தவரைக் கல்லறைக்குக் கொண்டுபோகும்போது, வீட்டுக்கும் சர்ச்சுக்கும் நடுவில் ஒரு பைன் மரத்தடியில் வண்டி நிற்கும். கீழ்க்கிளைகளைக் கழித்துவிட்டு, பட்டையைச் சீவி, ஒரு சிலுவையும் பெயரின் முதலெழுத்துகளும் பிறந்த வருஷம், இறந்த வருஷமும் செதுக்குவோம். ஆளுக்கொரு மடக்கு சாராயம் குடித்துவிட்டுக் கிளம்புவோம். போனவர் வீட்டு நினைப்பில் திரும்பி வந்தால் அதைப் பார்த்து, 'சரி, நான் செத்தவன்' என்று புரிந்துகொண்டு போய்விடுவார். கர்சிக்கோ என்று அதற்குப் பெயர். பெட்டி போகிற அந்த ஒரு தரம்தான் செதுக்கலாம். பிற்பாடு போய்ச் செதுக்கினால் அது வெறும் கீறல்.

ஊரில் பல வீடுகள் இதை விட்டுவிட்டன. திர்ரோனன் வீட்டில் விடவில்லை. இல்மோவின் தம்பி மார்த்தி அழுதுகொண்டே செதுக்கினான். மார்த்தியின் மகன் ஒஸ்ஸியும் அன்றைக்கு அந்த வண்டியில் இருந்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு வயிறு எரிவது இதற்காகத்தான்.

சைமிக்கு இந்த மாதிரி விஷயங்களில் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனாலும் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அந்த வளைவில் வேனை மெதுவாக்குவாள். "இன்னிக்கு எட்டு மாடு, இல்மோ" என்பாள். ஒருநாள் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் தெரியும். அவ்வளவுதான் அவர்கள் பேச்சு. உயிரோடு இருந்தபோதும் அதைவிட அதிகம் பேசிக்கொண்டதில்லை.

ஒஸ்ஸி வளர்ந்தான், 'கரடிநகம்' என்று ஒரு மெட்டல் இசைக்குழு ஆரம்பித்தான். ஒரு பக்கம் அக்கார்டியன், இன்னொரு பக்கம் காது கிழிகிற கிதார், நடுவில் இவன் உறுமல். முதல் தடவை கேட்டுவிட்டு, "கன்னு குறுக்க மாட்டின பசுகூட இதவிட ராகமாக் கத்தும்" என்றாள் சைமி. சொன்னவள்தான் அவர்களுக்கு வண்டி இல்லையென்று டிரம் செட்டைத் தன் வேனில், நைட்ரஜன் குடுவைக்குப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனவள்.

மூன்றாவது ஆல்பத்தின் அட்டையில் பனிமூட்டத்தோடு அந்தப் பைன் மரம் வந்தது. பையன் பாசத்தில் போட்டிருக்கிறான் என்றுதான் சைமி நினைத்தாள். ஆனால் அவன் ஒரு பேட்டியில் அளந்துவிட்டான்: ஆயிரம் வருஷத்து மரமாம், அவன் குலத்தார் காட்டுச் சாமிக்குக் கரடியைப் பலி கொடுத்த இடமாம். அந்த மரத்துக்கு என் கொள்ளுத்தாத்தாவின் வயதுகூட இருக்காது. ஆயிரம் வருஷமாம்!

ரசிகர்கள் வர ஆரம்பித்தார்கள். மரத்தடியில் ஆட்டுக்கொம்பு, எலும்பு, தேன்மது ஊற்றிய கிண்ணம். அவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை. சிலருக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசை. மழையில் நனைந்துகொண்டு நின்றவர்களை சைமியே வீட்டுக்குக் கூப்பிட்டுக் காபியும் இலவங்கப்பட்டை பன்னும் கொடுத்தாள். இது எந்தச் சாமியின் மரம் என்று கேட்டார்கள்.

"சாமி இல்லப்பா. என் புருஷன்."

அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் தெரியுமா? அடுத்த வாரமே இணையத்தில் எழுதிவிட்டார்கள், தெய்வத்தை மணந்த பூசாரிணி ஒருத்தி அந்த மரத்தைக் காக்கிறாள் என்று. நான் படித்துக் காட்டினேன். சைமி விழுந்து விழுந்து சிரித்தாள். "காலம்பூரா மாட்டுப் பின்னாடி நின்னவளுக்கு வந்த வாழ்வப் பாரு ஹில்யா." சிரிப்போடு போயிருந்தால் நானும் இதைச் சொல்ல உட்கார்ந்திருக்கமாட்டேன்.

போன ஜூனில் ஒரு காலையில் கடைக்கு வந்தவள் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னாள். "வழிச்சு எடுத்துட்டாங்க."

போய்ப் பார்த்தேன். சிலுவை இல்லை, எழுத்து இல்லை, வருஷம் இல்லை. உளி வைத்து, விரல் ஆழத்துக்குச் சீராகச் செதுக்கி எடுத்திருந்தார்கள். அந்த இடத்தில் தோரின் சுத்தியலை வரைந்திருந்தார்கள். தோர்! கடலுக்கு அந்தப் பக்கத்துக்காரர்களின் சாமி. நம் காட்டுக்கும் அவனுக்கும் என்ன சம்பந்தம்? யார் செய்தது என்று தேடவே வேண்டியிருக்கவில்லை. மூன்று பேர் மரத்தடியில் பல்லைக் காட்டி நின்று படம் எடுத்துப் போட்டிருந்தார்கள். பாதிரியார்கள் பழைய சின்னத்தின்மேல் திணித்த சிலுவையிலிருந்து மரத்துக்கு விடுதலை கொடுத்துவிட்டார்களாம்.

சைமி அந்த வழவழப்பான இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். "இனிமே செதுக்க முடியாதுல்ல" என்றாள்.

அந்தச் சனிக்கிழமை ஏரிக்கரை நடன அரங்கில் கரடிநகத்தின் கச்சேரி. சைமி, மார்த்தி, நான் மூவரும் போனோம். மேடைக்குப் பின்னால் ஒஸ்ஸி முகத்தில் கரி பூசிக்கொண்டிருந்தான்.

"மரத்தப் பாத்தியா?" என்று கேட்டாள் சைமி.

"பாத்தேன் பெரியம்மா. பசங்க கொஞ்சம் ஓவராப் போயிட்டாங்க. நான் பேசிக்கிறேன்."

"தனியாப் பேச வேண்டாம். மேடையில சொல்லு. அது பலி மரம் இல்ல, எங்க பெரியப்பா இல்மோவோட மரம், எங்கப்பா செதுக்கினதுன்னு சொல்லு. எனக்கு அது போதும்."

"இப்பப் போய்ச் சொன்னா என்னைப் புளுகன்னு சொல்லுவாங்களே."

"புளுகினது யாருடா?" இது மார்த்தி.

"அப்பா, கொஞ்சம் யோசிங்க. ஜப்பான்லேருந்துகூட ஆளுங்க வர்றாங்க. நம்ம ஊர் பேரு உலகத்துக்கே தெரியுது."

"உங்க பெரியப்பா பேரு தெரியுதா?" என்றாள் சைமி.

ஒஸ்ஸி கரி டப்பாவை மூடினான். "கடைசிப் பாட்டுக்கு முன்னாடி சொல்றேன். சத்தியமா."

நாங்கள் நம்பினோம். அவ்வளவு சத்தத்தையும் சகித்துக்கொண்டு நின்றோம். கடைசிப் பாட்டுக்கு முன்னால் மைக்கைப் பிடித்தான். "இந்தப் பாட்டு எங்க குலத்து மரத்துக்கு. அந்த மரத்தக் காக்கிற அம்மா இன்னிக்கு நம்ம நடுவுல இருக்காங்க." பாவி. கூட்டம் திரும்பியது. வழி விட்டார்கள். சைமி நடந்து மேடையேறி அவன் கையிலிருந்து மைக்கை வாங்கினாள். மழைக்கோட்டோடு நின்றாள்.

"அது என் புருஷன் மரம். அவர் பேரு இல்மோ திர்ரோனன். மரம் விழுந்து செத்தாரு. பலியும் இல்ல, சாமியும் இல்ல. அவர் பேரு அதுல இருந்தது. அத எடுத்துட்டீங்க."

வெளிநாட்டுக்காரர்களுக்குப் புரியவில்லை, சரி. முன்வரிசையில் நின்ற ஹெல்சின்கி பிள்ளைகளுக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்திருக்கும். ஆனால் கையை உயர்த்தி, "இல்மோ, இல்மோ" என்று முதலில் கத்தியது அவர்கள்தான். பிறகு மொத்தக் கூட்டமும் காலால் தரையைத் தட்டிக்கொண்டு கத்தியது. ஒஸ்ஸி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடங்கியிருக்கும். அவன் அக்கார்டியன்காரனுக்குக் கண் காட்டினான், பாட்டு ஆரம்பித்துவிட்டது. சைமி மைக்கைத் தரையில் வைத்துவிட்டு இறங்கி வந்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன், ஜில்லென்றிருந்தது.

கச்சேரி முடிந்ததும் வேர்வையும் கரியும் வழிய ஒஸ்ஸி எங்களிடம் ஓடிவந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"கேட்டீங்களா பெரியம்மா? இத்தன பேரு பெரியப்பா பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்களே."

சைமி மழைக்கோட்டுப் பொத்தானைப் போட்டாள். குரலை உயர்த்தவில்லை.

"ஒஸ்ஸி, உன் பெட்டி அந்த வழியாப் போறப்போ வண்டி எங்கயும் நிக்காது. எந்த மரத்திலயும் உன் பேரைச் செதுக்காம நேரா சர்ச்சுக்குப் போகும்."

காட்டுச் சாமியையும் கரடியையும் பாடிப் பிழைக்கிறவனின் முகத்தில் சட்டென்று இரத்தம் இறங்கியதைக் கரியையும் மீறிப் பார்த்தேன். "அப்பா," என்றான், "சும்மா சொல்றாங்க, இல்ல?"

மார்த்தி தொப்பியை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டான். "அண்ணி சொல்லிட்டாங்க" என்றான். "நிக்காது."