கண்ணுக்குக் கட்டிய கறுப்புப் பட்டி

கல்முனைப் பிரதான வீதியில் கிளினிக் வைத்திருக்கும் எங்கள் பல் டொக்டருக்குப் பல் பிடுங்குவதைவிடப் பேஸ்புக்கில் போஸ்ட் போடுவதில்தான் கைராசி. வெள்ளிக்கிழமை என்றால் ஜும்ஆ வாழ்த்து, பக்கத்தில் இளித்துக்கொண்டு ஒரு கடைவாய்ப்பல். வேளாண்மை வெட்டுக் காலத்தில் அதே பல்லின் கையில் ஓர் அரிவாள். ஊரில் யாராவது மௌத்தானால் ஜனாஸா அறிவித்தலையும் விடமாட்டார். இறந்தவரின் பெயருக்குக் கீழே கிளினிக் திறந்திருக்கும் நேரம் போட்டிருக்கும்.

வலைப்பூ ஒன்றும் நடத்துகிறார். எல்லாம் எங்கிருந்தோ சுட்டது. பனி கொட்டும் நாட்களில் பல் கூச்சத்தைத் தவிர்ப்பது எப்படி என்று ஒரு கட்டுரை. வாசலில் தார் இளகிக் கிடக்கிறது, மனிதர் பனியைப் பற்றி எழுதுகிறார்.

இதெல்லாம் தெரிந்தும் அவரிடம்தான் போனேன். ஸ்கூட்டியில் விழுந்து என் முன்பல் பாதி உடைந்திருந்தது. வருஷக்கணக்காக அப்படியே விட்டிருந்தேன். நான் வெளியில் முகம் மூடிப் போகிறவள். என் வாயைப் பார்த்த ஆண்கள் என்றால் வாப்பா, கூடப்பிறந்த காக்காமார், கணவர். அதற்கு மேல் இல்லை. வைத்தியம் என்பதால், தாதிப் பிள்ளையைப் பக்கத்தில் நிற்கச் சொல்லிவிட்டு முகத்தைத் திறந்தேன். பல் கட்ட முன்னர் ஒரு போட்டோ, கட்டிய பிறகு ஒரு போட்டோ எடுத்தார். பைலுக்கு என்றார். நம்பினேன்.

அடுத்த வாரம் மதினி அந்தப் போஸ்டை வட்ஸ்அப்பில் அனுப்பி, இது உங்கள் வாய்தானே என்று கேட்டார். என்னிடம் டியூஷன் படிக்கிற பிள்ளைகளின் உம்மாமாரும் உதட்டோரத் தழும்பைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்கள். கண்களுக்குக் குறுக்கே தடித்த கறுப்புப் பட்டி. மூக்கு, உதடு, உடைந்த பல், நாடி எல்லாம் வெட்டவெளியில். எனக்கு வந்தது வெட்கம் இல்லை, ஆத்திரம்.

மதினியையும் கூட்டிக்கொண்டு நேரே கிளினிக்குக்குப் போனேன். டொக்டர் என்னை ஒரு சின்னப் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"கண்ண மறைச்சித்தானே போட்டிரிக்கன். ஆரெண்டு ஒருத்தருக்கும் வெளங்கா. உலகம் முழுக்க இதான் முறை."

"ஊரில என்ட கண்ண எல்லாரும் பாக்கிறதான் டொக்டர். அத மூடிட்டு, நான் மூடி வெச்சதத் தொறந்து உட்டிரிக்கீங்க."

படித்த மனிதருக்கு இது விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கிய பிறகும் மன்னிப்புக் கேட்கவில்லை. இந்த மாதம் கூடுதலாக லைக் விழுந்த போஸ்ட் அதுதானாம். பல்லைக் காசில்லாமல் சுத்தம் செய்து தரட்டுமா என்று வேறு கேட்டார். என் முகத்துக்கு அவர் போட்ட விலை அவ்வளவுதான். அழியுங்கள் என்றேன். பிள்ளையைப் பறிகொடுக்கிற முகத்தோடு போனை எடுத்தார். சரியாக அழிக்கிறாரா என்று நானும் எட்டிப் பார்த்தேன். கமெண்டுகள் நகர்ந்தன. நடுவில் என் கணவரின் பெயர்.

'மாஷா அல்லாஹ். பழைய பல்லோடு இருந்த மனிசியோட அந்தப் பாவப்பட்ட மனிசன் என்னெண்டுதான் குடும்பம் நடத்தினாரோ.' பக்கத்தில் கண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள்.

டொக்டர் அழித்தார். நான் வெளியே வந்தேன். டொக்டர் மேலிருந்த ஆத்திரம் வழியிலேயே வேறு பக்கம் திரும்பிவிட்டது. உடைந்த பல்லோடு எத்தனை தரம் என் கணவர் முன்னால் சிரித்திருப்பேன்.

பகல் வயலிலிருந்து வந்தவருக்குச் சோறு போட்டேன். பல் டொக்டரின் பக்கத்தில் கமெண்ட் போட்டீர்களா என்று கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஓம், அந்தப் பல்லைப் பார்த்தாயா என்றார். பிறகு கறிக் கோப்பையை இழுத்துக்கொண்டே கேட்டார்:

"ஒனக்கு அந்த மனிசியத் தெரியுமா?"

"தெரியும். அந்தப் பாவப்பட்ட மனிசனையும் தெரியும்" என்றேன். "இப்ப என்ட முன்னுக்கு இரிந்து சோறு தின்னுறார்."

அவர் தலையை நிமிர்த்தி என் வாயைப் பார்த்தார்.