லெந்து நாள்களில் போடாத மாத்திரை

தூத்துக்குடி வெயிலில் ஊரே வேர்த்து வழியும்போது ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பாடம் நடத்தியவள் ஜெயஷீலா டீச்சர். பக்கத்து ஊரான நாசரேத்துப் பெண். அரை இட்லி தின்றாலும் உடம்பு ஏறியது. கல்யாணமாகி ஏழு வருஷம், பிள்ளை இல்லை. "ஏளா, யாருக்கும் தெரியாம சட்டியை வழிச்சுத் திங்குதியா?" என்று கணவன் சத்தியராஜ் கிண்டல் செய்வான். அவனோடு சேர்ந்து சிரித்துவிட்டுக் குளியலறையில் போய் அழுவாள், பாவம்.

டாக்டர் பத்மஜாதான் ரத்தம் எடுத்துப் பார்த்தார். "சும்மா படுத்துக் கிடந்தாலும் இதயம் துடிக்க, மூச்சு விட, உடம்புக்குள்ள ஒரு அடுப்பு எரியணும்மா. அதைக் கூட்டிக் குறைக்கிறது தைராய்டு ஹார்மோன். உங்களுக்கு அது பத்தலை, அடுப்பு சிம்மிலேயே கிடக்கு. காலையில வெறும் வயித்துல ஒரு மாத்திரை, தண்ணியோட. ஒரு நாளும் விடாதீங்க."

மாத்திரை கேட்டது. ஸ்வெட்டர் பீரோவுக்குள் போயிற்று. ஒன்றரை வருஷத்தில் நாளும் தள்ளிப்போனது. "இனி பிள்ளைக்கும் சேர்த்து நீங்கதான் ஹார்மோன் கொடுக்கணும்" என்று பத்மஜா அளவைக் கூட்டி எழுதினார்.

ஜெயஷீலாவுக்கோ அது முழுக்க முழுக்க ஜெபத்துக்குக் கிடைத்த பதில். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாள்கள் வந்ததும், நன்றியாக நாற்பது நாள் உபவாசம் என்று தீர்மானித்துவிட்டாள். சாயங்காலம் ஆறு மணிவரை பச்சைத் தண்ணீர் பல்லில் படக் கூடாது. அவள் பிறந்த வீட்டு வழக்கம் அது.

"பிள்ளைத்தாச்சிக்கு எதுக்குளா இதெல்லாம்?" என்றான் சத்தியராஜ்.

"தந்தவருக்குப் பாத்துக்கிடத் தெரியாதா?"

தண்ணீர் இல்லாமல் மாத்திரை ஏது? அதுவும் நின்றது. டாக்டரிடம் கேட்டால் உபவாசத்தையே தடுத்துவிடுவார் என்று பயந்து, அந்தப் பக்கமே போகவில்லை.

மூன்றாம் வாரம் குளிர் திரும்பி வந்தது. கொளுத்துகிற பங்குனி வெயிலில் பீரோவைத் திறந்து ஸ்வெட்டரை எடுத்தாள். பட்டினிக் குளிர்தான் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். பெரிய வெள்ளிக்கு இரண்டு நாள் முன்னால் ரத்தம் பட்டது. ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

பத்மஜா திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா ஹார்மோன் இவ்வளவு குறைஞ்சா பிள்ளை தங்குறது கஷ்டம்" என்றார். அப்புறம் மெதுவாக, "ராத்திரி படுக்கும்போது போட்டிருக்கலாமேம்மா. ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே மாத்தி எழுதியிருப்பேனே?"

ஐயோ, ஒரே ஒரு வார்த்தை! அதைக் கேட்காத வாயை ஜெயஷீலா முந்தானையால் பொத்திக்கொண்டாள்.

ஈஸ்டர் விடியலில் கோயில் மணி அடித்தது. சத்தியராஜ் தண்ணீரும் புது மாத்திரையும் கொண்டுவந்து நீட்டினான். அவள் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். டாக்டர் பழைய அளவுக்கே குறைத்திருந்தார், ஒருத்திக்குப் போதுமான அளவுக்கு.