கண்ணாடிக் கடைக்குப் போன யானை

பேத்தி கல்யாணத்துக்காகப் போட்ட வாட்ஸ்அப் குரூப்பில், சின்ன வயதில் படித்த புத்தகங்களைப் பற்றி ஒரே அரட்டை. ஒற்றைத் தறியில் தொடங்கி நாலு பட்டுக்கடை வைத்த நான் சும்மா இருப்பேனா? பேசியே அனுப்பினேன்:

"எனக்கு ஏதுபா புக்கு? தேன்மிட்டாய் மடிச்ச காகிதத்துலதான் படிச்சேன். கண்ணாடிக் கடைக்குப் போன யானை கதை. பாதியில கிழிஞ்சிருந்துது."

"படிச்சீங்களா, நக்கினீங்களா சம்பந்தி?" என்று ஒரே சிரிப்பு.

மாப்பிள்ளை வீட்டு நூலகர் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. எதையும் கேள்வியாகவே எழுதுகிறவர். "முடிவு எனக்குத் தெரியுமே, சொல்லட்டுமா?"

"வேணாம்மா, நானே தேடிக்கிறேன்."

வீறாப்பு! ஊரெல்லாம் தேடியும் புத்தகம் கிடைக்கவில்லை.

கல்யாணத்தன்று தடித்த கண்ணாடியும் கையில் ஜாங்கிரியுமாக அந்த நூலகர் அம்மா எதிரே வந்தார். தானாகச் சொல்வார் என்று நின்றேன்.

"கிடைச்சுதா?"

"படிச்சே முடிச்சிட்டேன்மா!"

தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். யானை இன்னும் கடை வாசலிலேயே நிற்கிறது.